பாடாமல் எழ முடியாத விருந்து

தென் வியட்நாமில் ஒரு வீட்டுத் திதிக்கு அழைக்கப்படுகிறவர் சாப்பிட்டு முடித்தவுடன் பாடவும் வேண்டியிருக்கும். நான் குடியிருந்த சைகோன் சந்தில், அடுத்த வீட்டுப் பெரியவர் தம் தந்தையின் நினைவு நாளுக்கு என்னை அழைத்தபோது இதைச் சொல்லவில்லை. தனியாகச் சொல்ல வேண்டிய செய்தியாக அது அவருக்குத் தோன்றியிருக்காது. நம் திதியைப் போலவே அதுவும் சந்திரக் கணக்கில் வருகிற நாள். இறந்தவருக்குப் பிடித்தவற்றைச் சமைத்து, முன்கூடத்தில் அவர் படத்தின் முன் படைத்து, ஊதுவத்தி ஏற்றி வணங்கியபின் அந்த உணவையே உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி உண்பார்கள். அதுவரை நடந்தவை யாவும் எனக்குப் பழகியவைதாம். தட்டுகளை எடுத்தபின், பேரன் ஒருவன் சக்கரம் வைத்த ஒலிபெருக்கி ஒன்றைத் தாத்தாவின் படத்துக்கு எதிரிலேயே உருட்டிவந்து நிறுத்தினான். மகன்களும் மருமகள்களும் ஒருவர்பின் ஒருவராகப் பாடினார்கள். அப்பாவுக்குப் பிடித்தது என்று மூத்த மகள் ஒரு பாட்டைப் பாடியபோது சிலர் கண் கலங்கினார்கள்; அடுத்த பாட்டுக்கு அவர்களே தாளம் போட்டார்கள். பிறகு ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. எனக்குப் பாட வராது என்று நான் சொன்னதை அவர்கள் கூச்சமாக எடுத்துக்கொண்டார்களே தவிர மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. துணை இசை ஏதுமில்லாமல் ஒரு பழைய திரைப்பாட்டின் பல்லவியை மட்டும் பாடினேன். சுருதி எங்கே போய் நின்றது என்பது எனக்கே தெரியாது. அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையும் இல்லை.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருந்த நான், ஆடைக் கொள்முதல் நிறுவனம் ஒன்றின் தரச் சோதனைப் பணிக்காகச் சில ஆண்டுகள் ஹோ சி மின் நகரத்தின் தான் பின் வட்டாரத்தில் வாழ்ந்தேன். அரசு ஏடுகளில்தான் அது ஹோ சி மின் நகரம். மக்கள் பேச்சில் இன்றும் சைகோன்தான். எந்திரம் தரும் துணை இசைக்கு எல்லாரும் பாடும் வியட்நாமியரின் கரோக்கியைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் அதை ஒரு மோகம் என்றோ பித்து என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே கரோக்கி விருந்தோம்பலின் ஓர் உறுப்பு. பாட்டு என்பது பாடக் கற்றவரின் தனிச்சொத்தன்று, கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் போட வேண்டிய பங்கு என்ற எண்ணம் எந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணில் இருந்தது. எந்திரம் அதற்கு ஒரு வடத்தையும் ஒரு விசையையும் கொடுத்தது, அவ்வளவே.

எந்திரத்தின் கதை சுருக்கமானது. ஜப்பானின் கோபே நகரத்தில் மதுக்கடைகளில் வாசித்துப் பிழைத்த இனோவே தைசுகே என்பவர் 1971-இல் காசு போட்டால் துணை இசை ஒலிக்கும் பெட்டி ஒன்றை அமைத்துக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை என்பதும், ஒருவர் பாடுவதை மற்றவர் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததற்காக 2004-இல் நகைச்சுவை நோபல் எனப்படும் இக்நோபலின் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டதும் பலர் அறிந்தவை. வியட்நாமுக்கு அது வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. போரும், போருக்குப் பிந்திய பங்கீட்டுப் பொருளாதாரமும் கழிந்து, 1986-இல் ‘தோய் மோய்’ என்னும் சீர்திருத்தம் தொடங்கித் தனியார் கடைகளுக்கு வழி திறந்தபின், 1990-களின் முற்பகுதியில் நகரங்களில் கரோக்கி அறைகள் முளைத்தன. சில ஆண்டுகளுக்குள் அவை சிறு நகரங்களுக்கும், பிறகு தெற்கிலுள்ள மீகாங் ஆற்றுக் கழிமுகத்தின் படகுத்துறை ஊர்களுக்கும் பரவிவிட்டன. புதிதாக வந்த எத்தனையோ பொருள்களுள் இது மட்டும் ஏன் இவ்வளவு விரைவில் வீட்டுக்குள் புகுந்தது என்ற கேள்விக்கு விடை அந்தக் கழிமுகத்திலேயே இருக்கிறது.

அங்கே ‘டோன் கா தாய் தூ’ என்றொரு இசைமரபு உண்டு. வயல் வேலை முடிந்த மாலையில், வீட்டு முன்கூடத்திலோ படகிலோ பாய் விரித்து, இரண்டு நரம்புக் கருவிகளையும் ஒரு தாளக்கட்டையையும் வைத்துக்கொண்டு கூடியிருப்போர் மாறி மாறிப் பாடுவது அதன் முறை. மேடை கிடையாது, கட்டணம் கிடையாது. பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே பாயில் இருப்பவர்கள். யுனெஸ்கோ 2013-இல் இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பாக் லியூ ஊரைச் சேர்ந்த காவ் வான் லாவ் என்பவர் 1919 அளவில், இரவில் முரசொலி கேட்டுத் தொலைவிலிருக்கும் கணவனை நினைக்கும் ஒரு பெண்ணின் புலம்பலாக ஒரு பாட்டை இயற்றினார். அந்தப் பாட்டுக்கு நேர்ந்தது வியப்புக்குரியது. முதலில் வரிக்கு இரண்டு தட்டுகளாக இருந்த அதன் தாளத்தைப் பின்வந்தவர்கள் நான்காக, எட்டாக, பதினாறாக, முப்பத்திரண்டாக விரித்துக்கொண்டே போனார்கள். பாடுகிறவர் தம் குரலை உலாவவிட அத்தனை இடம் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்த ‘வோங் கோ’ என்னும் பாடல்முறைதான் தெற்கின் இசைநாடகத்துக்கு முதுகெலும்பானது. நீண்ட தொகையறா போன்ற ஒரு முன்னுரையை ஒரே மூச்சில் இழுத்துவந்து, கடைசிச் சொல்லில் குரலை இறக்கித் தாளத்தில் சேர்க்கும் கணத்தில் கூட்டம் கைதட்டும். இன்றும் கரோக்கி அறைகளில் பாட்டு முடியும்வரை காத்திராமல் நடுவிலேயே கைதட்டுகிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம். வடக்கிலும் பாக் நின் வட்டாரத்தில் ஆண்களும் பெண்களும் எதிரெதிரே அமர்ந்து பாட்டுக்குப் பாட்டு விடைகூறும் ‘குவான் ஹோ’ மரபு உண்டு. ஆகவே எந்திரம் வந்தபோது, பாடும் பழக்கத்தை அது யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மொழியின் துணையும் இதற்கு உண்டு. வியட்நாமிய மொழியில் ஓர் அசையை எந்தத் தொனியில் ஒலிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். எழுத்து வழக்கில் ஆறு தொனிகள், தெற்கத்தியர் பேச்சில் அவற்றுள் இரண்டு ஒன்றாகிவிடுகின்றன. மெட்டு மேலேறும் இடத்தில் இறங்குதொனிச் சொல்லை வைத்தால் கேட்பவருக்கு வேறு சொல்லாகிவிடும் என்பதால், பாடலாசிரியர்கள் சொல்லின் தொனியையும் மெட்டின் போக்கையும் இணைத்தே எழுதுகிறார்கள். இதன் விளைவாக, திரையில் ஓடும் வரியைச் சரியாக வாசித்தாலே மெட்டின் பாதி வாய்க்கு வந்துவிடுகிறது. என் அலுவலகத்தில் கணக்கெழுதிய ஒரு பெண், தாம் முன்பின் கேட்டிராத பாட்டையும் இரண்டாம் சரணத்துக்குள் பிடித்துவிடுவார். அதை அவர் திறமையாகக் கருதியதில்லை. வரி எதிரில் இருக்கிறதே என்பார்.

ஆனால் அவர்கள் எதைப் பாடுகிறார்கள் என்று பார்க்கும்போதுதான் கரோக்கியின் முழு எடையும் விளங்குகிறது. சைகோன் சந்துகளில் இரவு கேட்பவற்றில் பெரும்பகுதி ‘பொலேரோ’ என்று அவர்கள் அழைக்கும் பழைய பாடல்கள். கியூபாவில் பிறந்த அந்தத் தாளம் 1950-களிலும் 60-களிலும் தென் வியட்நாமிய இசையமைப்பாளர்களின் கையில் மேலும் மெதுவாகி, நாட்டுப்புற மெட்டுகளோடு கலந்து, சோகத்தில் தோய்ந்து வேறொன்றாகிவிட்டது. விடுமுறை முடிந்து பாசறைக்குத் திரும்பும் படைவீரன், வசதியான வீட்டுக்கு மணமாகிப் போன காதலி, மழை பெய்யும் சந்து, ஊரிலிருக்கும் தாய் ஆகியவைதாம் அவற்றின் பொருள்கள். சுரங்களின் எல்லை குறுகியது, வேகம் குறைவு, உச்சஸ்தாயி அரிது. இரண்டு பீர் குடித்த ஐம்பது வயதுக்காரரின் தொண்டைக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டை யாராலும் திட்டமிட்டு அமைக்க முடியாது.

1975-இல் போர் முடிந்தபின் இந்தப் பாடல்கள் ‘ஞாக் வாங்’, அதாவது மஞ்சள் இசை, என்று ஒதுக்கப்பட்டுத் தடை செய்யப்பட்டன. போராட்ட உணர்வை ஊட்டும் சிவப்பு இசைக்கு எதிரானது, மனத்தைத் தளரச் செய்வது என்பது குற்றச்சாட்டு. வடக்கிலோ இந்த நிலை அதற்கும் முந்தியது. ஹனோயில் நண்பர்களோடு கூடி இத்தகைய பாடல்களைப் பாடிய லோக் வாங் 1968-இல் கைதானார். 1971-இல் நடந்த விசாரணைக்குப் பின் அவரும் தோழர்களும் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். விடுதலையாகிப் பல காலம் கழித்து, ஹனோயின் மேற்கு ஏரியருகே தம் பெயரிலேயே ஒரு காபிக்கடை வைத்து அதே பாடல்களை அவர் பாடினார் என்பது வியட்நாமில் பலரும் அறிந்த செய்தி. தெற்கிலிருந்து படகேறி வெளியேறியவர்கள் இந்தப் பாடல்களையும் உடன் கொண்டுபோனார்கள். 1983-இல் பிரான்சில் தொடங்கிப் பின்னர் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்த ‘பாரிஸ் பை நைட்’ என்ற மேடை நிகழ்ச்சித் தொடரின் ஒளிநாடாக்கள் திருட்டுத்தனமாகத் தாய்நாட்டுக்குள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து கரோக்கி நாடாக்களும் குறுந்தட்டுகளும் வந்தன.

அரசின் தடை ஒரே நாளில் விலகவில்லை. 1975-க்கு முந்திய பாடல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி வழங்கும் முறை பல்லாண்டுகள் நீடித்தது; 2017 மார்ச் மாதத்தில்கூட நிகழ்கலைத் துறை ஐந்து பழைய பாடல்களை நிறுத்திவைத்து, கடும் கண்டனத்துக்குப் பின் அடுத்த மாதமே அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அந்தச் சலசலப்பில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. 1975 ஏப்ரல் 30 அன்று, சைகோன் வீழ்ந்த நாளில், இசையமைப்பாளர் திரின் கோங் சோன் நகர வானொலியில் பாடிய ஒற்றுமைப் பாடல், நாடெங்கும் மாணவர்கள் கைகோத்துப் பாடிய அந்தப் பாடல், அதுவரை அனுமதிப் பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. 42 ஆண்டுகள் ஒரு நாடே உரிமம் இல்லாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. 2020 டிசம்பரில் வெளியான 144-ஆம் எண் ஆணை அந்த அனுமதி முறையையே கைவிட்டது. அதற்குள் வின் லோங் தொலைக்காட்சி 2014-இல் தொடங்கிய பொலேரோ போட்டி பெரும் வரவேற்பைப் பெற்று, பிற அலைவரிசைகளும் அதே வழியில் போயிருந்தன. ஆணைகள் வருவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்றே சொல்வேன். எடுத்தவர்கள் வீட்டு முன்கூடங்களில் ஒலிவாங்கியைக் கையில் வைத்திருந்தவர்கள்.

கருவிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நீண்ட காலம் வியட்நாமிய வீடுகளை ஆண்டது ‘அரிராங்’ என்னும் கொரியப் பெயர் தாங்கிய உள்நாட்டுக் கருவி. அதோடு தொலைபேசி விவரத் தொகுப்பு அளவுக்குத் தடித்த பாடல் புத்தகம் ஒன்று வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து இலக்க எண். எண்ணை அழுத்தினால் பாட்டு. எங்கள் சந்தில் எல்லாரும் ‘சூ தூ’ என்று அழைத்த பெரியவர், தெற்கத்திய வழக்கப்படி பிறப்பு வரிசை எண்ணோடு சேர்த்து அழைக்கப்பட்டவர், தமக்கு வேண்டிய முப்பது நாற்பது பாடல்களின் எண்களைப் புத்தகம் பார்க்காமலே சொல்வார். மனைவியின் கைப்பேசி எண் மட்டும் அவருக்கு நினைவில் நிற்காது. இப்போது யூடியூபும் அறிவார்ந்த தொலைக்காட்சியும் வந்து புத்தகத்தைத் தேவையற்றதாக்கிவிட்டன. மாறாமல் இருப்பது ஒலிபெருக்கியின் முகப்பில் எக்கோ, டிலே, ரிப்பீட் என்று வரிசையாக இருக்கும் திருகுகள். அவற்றை முக்கால் அளவுக்குத் திருப்பி வைக்காமல் அங்கே யாரும் பாடத் தொடங்குவதில்லை. எதிரொலி குரலின் நடுக்கத்தை மூடி, சுருதி விலகலைக் கரைத்து, யாரையும் ஒரு பெரிய மண்டபத்தில் நிற்கிற பாடகராக்கிவிடும். பாட்டின் முடிவில் கருவி மதிப்பெண்ணும் தரும். உரத்துப் பாடினால் தொண்ணூற்றுக்கு மேல் கிடைக்கும் என்பது என் அனுபவம், ஆகவே அந்த மதிப்பெண்ணை யாரும் நம்புவதில்லை, ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வெளியே கரோக்கி என்றால் அறைதான். ஜப்பானிய முறைப்படி, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் மேடையேறிப் பாடாமல், தம் கூட்டத்தோடு தனியறையில் பாடுவது. அலுவலக விருந்து பீர் கடையில் ‘மோத், ஹாய், பா, யோ!’ என்ற முழக்கத்தோடு தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று, உள்ளே போகட்டும் என்பது அதன் கருத்து. இரண்டாம் சுற்று கரோக்கி. மணிக்கணக்கில் வாடகை, மேசையில் பழத்தட்டு, காய்ந்த கணவாய், கைத்துடைப்பான். அந்தக் கைத்துடைப்பானின் உறையைப் பிரித்தால் அதுவும் கணக்கில் ஏறும் என்பதைப் புதிதாகப் போகிறவர்கள் அறிந்துகொள்வது நல்லது. முதலில் மேலாளர் பாடுவார். பிறகு வரிசை சிதறிவிடும். பகலில் தையல் குறைகளுக்காக என்னிடம் கடுமையாக வாதாடிய ஆலை மேற்பார்வையாளர் இரவில் என் தோள்மேல் கைபோட்டு, தாம் பாடும் காதல் பாட்டின் பொருளை வரிக்கு வரி விளக்கினார். மறுநாள் காலை மீண்டும் வாதாடினார். வேலையிடத்தின் படிநிலை அறைக்குள் கரைந்துபோகிறது என்று எழுதினால் அது மிகையாகும். சிறிது நேரம் அது மறக்கப்படுகிறது என்பதே சரி.

அறைகளுக்கு ஒரு நிழல்பக்கமும் உண்டு. வாடிக்கையாளருக்குத் துணையாகப் பெண்களை அமர்த்தும் கடைகள் தொடக்கத்திலேயே பெருகின. 1995 இறுதியில் அரசு சமூகத் தீமைகளுக்கு எதிரான இயக்கத்தை அறிவித்தபோது கரோக்கிக் கடைகள் அதன் முதல் இலக்குகளில் ஒன்றாயின. அந்த ஐயப்பாடு இன்றைய சட்டத்திலும் படிந்திருக்கிறது. 2019-இன் 54-ஆம் எண் ஆணையின்படி கரோக்கி அறை குறைந்தது 20 சதுர மீட்டர் இருக்க வேண்டும். கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் கூடாது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 8 மணி வரை நடத்தக் கூடாது. சோதனைக்கு ஆள் வருவதை உள்ளே அறிவிக்கும் மணி எதுவும் வைக்கக் கூடாது, தீயெச்சரிக்கை மணி மட்டும் விலக்கு.

அந்த ஒற்றை விலக்கைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். 2016 நவம்பர் 1 அன்று ஹனோயின் காவ் ஸாய் வட்டாரத்தில், பெயர்ப்பலகையில் நடந்த வெல்டிங் வேலையின் பொறியிலிருந்து ஒரு கரோக்கிக் கட்டடம் தீப்பற்றி 13 பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பர் 6 இரவில், சைகோனை அடுத்த பின் யுவோங் மாகாணத்தின் துவான் ஆன் நகரத்தில் நடந்த தீவிபத்தில் 32 பேர் இறந்தார்கள். ஆலைகள் நிறைந்த பகுதி அது. எங்கள் ஆடைகளைத் தைத்த பல ஆலைகளும் அந்த மாகாணத்தில்தான் இருந்தன. மறுநாள் நான் போன ஆலையில் யாரும் உரத்துப் பேசவில்லை. ஒரு கரோக்கி அறை ஏன் இவ்வளவு எளிதில் மரணக்கூண்டாகிவிடுகிறது என்பதில் புதிர் எதுவும் இல்லை. ஒலி வெளியே போகாமல் தடுக்கச் சுவர்களில் பதிக்கும் பஞ்சு எளிதில் எரிந்து நச்சுப்புகை கக்கும். முகப்பை மூடும் பெரிய விளம்பரப் பலகை ஜன்னல்களை அடைத்துவிடும். குறுகி நீண்ட நகரக் கட்டடத்துக்கு இரண்டாவது வாசல் பெரும்பாலும் இருக்காது. உள்ளே பாடுகிறவர்களுக்கு வெளியே எழும் கூச்சல் கேட்காது. அதாவது, அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் காக்கச் செய்த ஏற்பாடே உள்ளிருப்பவரின் உயிருக்கு எதிராகத் திரும்புகிறது. பின் யுவோங் விபத்துக்குப் பின் நாடெங்கும் சோதனை நடந்து ஏராளமான கடைகள் மூடப்பட்டன. புதிய தீப்பாதுகாப்பு நெறிகளைப் பழைய கட்டடங்களில் நிறைவேற்ற முடியாது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். அவர்கள் இழப்பு உண்மையானதுதான். ஆனால் முன்பே செய்திருக்க வேண்டியதைத்தான் அரசு காலம் கடந்து செய்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அறைகள் மூடியதால் பாட்டு நிற்கவில்லை. அது தெருவுக்கு வந்தது. ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது விரைவுபட்டது என்பது இன்னும் சரி. வேர்க்கடலை வைத்து இழுத்த சர்க்கரை மிட்டாயை பீர் கடைகளில் விற்கும் இளைஞர்கள், கூட்டத்தைக் கவர மோட்டார்சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து பாடுவார்கள். அவர்களுடைய மிட்டாயின் பெயரே, ‘கெவ் கெவ்’ என்று, அந்த வகை ஒலிபெருக்கிக்கும் வந்துவிட்டது. மின்கலம், சக்கரம், இழுத்துச் செல்லக் கைப்பிடி, கம்பியில்லாத இரண்டு ஒலிவாங்கிகள். சில மில்லியன் டோங்குக்கு, அதாவது ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்கு, கிடைக்கும். வாங்க இயலாதவருக்கு வாடகைக்கு வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்குகிறார்கள். சைகோன் சந்துகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. எதிர்வீட்டுக்கும் நமக்கும் இடையே இரண்டு மோட்டார்சைக்கிள் போகும் அகலம்தான். பெருந்தொற்று ஆண்டுகளில் அறைகள் நீண்ட காலம் மூடிக்கிடந்தபோது, வீட்டிலிருந்தே வேலை செய்தவர்களும் கணினியில் பாடம் படித்த பிள்ளைகளும் இந்த ஒலிக்கு நடுவில்தான் அவற்றைச் செய்தார்கள். திருப்பூரோடு நான் பேசிய எத்தனையோ காணொளிக் கூட்டங்களில், பின்னணியில் யாரோ ஒருவர் தம் காதலியின் திருமணத்துக்காக அழுதுகொண்டிருந்தார்.

இதைப் பண்பாடு என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளிக்கும் அது வன்முறைதான். வியட்நாமிய நாளேடுகளுக்கு வாசகர்கள் எழுதும் கடிதங்களில் இந்த முறையீடு அலுக்காமல் வருகிறது; அண்டை வீட்டார் கைகலந்த செய்திகளும் வந்திருக்கின்றன. சட்டம் இல்லாமலில்லை. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 70 டெசிபெல், இரவு 9 மணிக்கு மேல் 55 டெசிபெல் என்று 2010-இலேயே நெறி வகுக்கப்பட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை பிறர் அமைதியைக் குலைத்தால் 5 லட்சம் முதல் 10 லட்சம் டோங் வரை, நம் கணக்கில் அதிகம் போனால் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய், தண்டம் என்று 2021-இன் ஆணை விதித்தது. ஹோ சி மின் நகர நிர்வாகமும் அதே ஆண்டில் இரைச்சலுக்கு எதிராக ஓர் இயக்கம் நடத்தியது. சிக்கல் நடைமுறையில். டெசிபெல் அளவை முறைப்படி எடுக்கத் தகுதிபெற்ற அமைப்பும் கருவியும் வேண்டும். அவை வந்து சேர்வதற்குள் பாட்டு முடிந்திருக்கும். அதைவிடப் பெரிய தடை, புகார் கொடுக்க வேண்டியவர் அடுத்த வாரம் அதே வீட்டு விருந்தில் உட்கார வேண்டியவர். வார்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்வதைக் காட்டிலும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதையே பலர் தேர்ந்தெடுத்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இளையவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பேரங்காடிகளின் விளையாட்டுக் கூடங்களில் கண்ணாடிக் கூண்டுகள் நிற்கின்றன. ஓரிருவர் உள்ளே போய், பாட்டுக்கு இவ்வளவு என்று காசு செலுத்தி, காதொலிப்பான் மாட்டிக்கொண்டு பாடிவிட்டு வரலாம். இரைச்சல் இல்லை, பீர் இல்லை, தீப்பிடிக்கும் பஞ்சுச்சுவர் அடுக்குகளும் இல்லை. சூ தூவின் பேத்தி அப்படித்தான் பாடுகிறாள். அதைப் பற்றி அவரிடம் பேசியபோது அவர் குறைசொல்லவில்லை. “கோன், அவள் பயிற்சி எடுக்கிறாள்” என்றார். பிள்ளை முறையில்தான் என்னை அழைப்பார். கூண்டுக்குள் ஒருவர் தனியே பாடுவது, ஒருநாள் கூட்டத்தில் பாடுவதற்கான ஒத்திகை என்பதைத் தவிர வேறெதுவாகவும் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் அங்கிருந்து கிளம்புவதற்கு முந்திய ஆண்டில், எங்கள் சந்தின் குடியிருப்போர் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஸாலோ செயலியில் எல்லாரையும் சேர்த்து ஒரு விதி போட்டார். இரவு ஒன்பதரைக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஞாயிறு நண்பகல் ஒரு மணி நேரம் எல்லாரும் ஓய்வெடுக்கட்டும். பிறகு விதிவிலக்குகள் ஒவ்வொன்றாக வந்தன: திருமணம், தெத் புத்தாண்டின் முதல் மூன்று நாள்கள், படைப்பணி முடித்து மகன் வீடு திரும்பிய இரவு, தேசியக் கால்பந்து அணி வென்ற இரவு, தலைவியின் சொந்தப் பிறந்தநாள். பட்டியல் விதியைவிட நீளமாகிவிட்டது. ஆனால் மற்ற இரவுகளில் ஒன்பதரைக்குப் பாட்டு நின்றது; ஒன்பது இருபத்தைந்துக்குத் தொடங்கிய பாட்டாக இருந்தால் மட்டும், முடியும்வரை விட்டுவிடுவார்கள்.